வெறுக்க மறுத்த தந்தை



மார்ட்டின் லூத்தர் கிங் என்ற பெயரை அறியாத வீடு நம் பங்குகளில் அநேகமாய் இராது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடி, 1964இல் நோபல் சமாதானப் பரிசு பெற்று, 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். அதே பெயரைத் தாங்கிய மற்றொருவரை நம்மில் பலர் அறியோம். அவர் இவருக்கு முன்னும் வாழ்ந்தார், பின்னும் வாழ்ந்தார். மகனைப் பெற்று வளர்த்து, அவனை அடக்கம் செய்து, அதன் பின்னும் பதினாறு ஆண்டுகள் உயிரோடிருந்த தந்தை அவர். அட்லாண்டா நகரின் எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் 44 ஆண்டுகள் போதகராய் இருந்தவர். ஊரார் அவரை 'டாடி கிங்' என்றே அழைத்தனர். நம் வழக்கில் 'கிங் அப்பா' எனலாம்.

பாப்டிஸ்ட் போதகர் ஒருவரைப் பற்றி நம் குடும்ப ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பிரிந்த சகோதரரிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்று மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டிலேயே நம்மைப் பணித்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பெரியவர் ஒரு காலத்தில் கத்தோலிக்கரை நம்பாதவர். அந்தக் கதையும் வருகிறது, சற்றுப் பொறுங்கள்.

அவர் பிறந்தது 1897 டிசம்பர் 19ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில். இட்ட பெயர் மைக்கேல். தந்தை ஜேம்ஸ், வெள்ளையரின் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். வார உழவரின் நிலை எத்தகையது என்பதை நம் கிராமத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. ஆண்டு முடிவில் நில உரிமையாளர் ஒரு கணக்குச் சொல்வார். உழுதவன் தலையசைக்க வேண்டும். ஒருமுறை கணக்குத் தீர்க்கும் இடத்தில், பருத்தி விதைக்கு உரிய பணம் கணக்கில் வரவில்லையே என்று சிறுவன் மைக்கேல் வாய் திறந்து கேட்டுவிட்டான். கணக்குச் சரிதான். ஆயினும் கேட்டதற்கு விலையாகக் குடும்பம் அந்த இடத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. வேறொரு நாள் ஆலை முதலாளி ஒருவன் அவனை இரத்தம் வர அடித்தான். தாய் டெலியா தனியாகவே சென்று அந்த மனிதனை எதிர்கொண்டாள். கறுப்பர் ஒருவரை வெள்ளையர் கூட்டம் அடித்துக் கொன்றதையும் அச்சிறுவன் கண்ணால் கண்டான். இவற்றையெல்லாம் 1980இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே கூறியிருக்கிறார்.

இப்படி வளர்ந்தவன் உள்ளத்தில் என்ன முளைக்கும்? வெள்ளை முகம் எதைக் கண்டாலும் வெறுப்பது என்று அவன் தீர்மானம் செய்துகொண்டான். தடுத்தவள் தாய். வெறுப்புக்கு வெறுப்பன்றி வேறு பிள்ளை பிறப்பதில்லை என்று அவள் மகனுக்கு அறிவுறுத்தினாள். அவள் பட்ட துன்பமோ வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. கணவன் குடிப்பவன், குடித்தால் அடிப்பவன். ஒரு நாள் தாய்மீது கை ஓங்கிய தந்தையை மகன் மல்லுக்கு நின்று தரையில் வீழ்த்தினான். மதுவினால் சீர்குலைந்த இல்லங்களுக்குள் நாள்தோறும் சென்று வரும் பங்குக்குருக்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. வெளியில் அவமானப்பட்டவன் வீட்டில் வந்து அதை இறக்கி வைக்கிறான், வாங்கிக்கொள்பவள் மனைவி.

பதினைந்து வயதளவில் பிரசங்கம் செய்யத் தொடங்கிய அந்த இளைஞன் 1918இல் அட்லாண்டா சேர்ந்தான். படிப்போ மிகச் சொற்பம். வளர்ந்த ஆண்மகன் சிறு பிள்ளைகளின் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பகலில் வேலை, மாலையில் பாடம். மோர்ஹவுஸ் கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பியபோது, நேரே கல்லூரித் தலைவர் ஜான் ஹோப் அவர்களின் அறைக்கே சென்று தன் வழக்கை எடுத்துரைத்தார், இடம் கிடைத்தது. 1930இல் இறையியல் பட்டம் பெற்றார். இளமையிலே குருமடம் புகுந்து, எல்லாம் கையில் தரப்பெற்றுப் படித்த என்னைப் போன்றோர் இந்த வரியை மெல்லவே படிக்க வேண்டும்.

எபனேசர் ஆலயத்தில் அப்போது போதகராய் இருந்தவர் ஆதாம் டேனியல் வில்லியம்ஸ். அவருடைய ஒரே மகள் ஆல்பர்ட்டா கல்வி கற்றவர். ஆர்கன் வாசிப்பதில் வல்லவர். பாடம் படிக்கவே திணறிக்கொண்டிருந்த நாட்டுப்புறத்து இளைஞன் அவரை மணக்க ஆறு ஆண்டுகள் காத்திருந்தான். 1926 நவம்பர் 25, நன்றியறிதல் திருநாளன்று, எபனேசரிலேயே திருமணம். ஆபர்ன் வீதியிலிருந்த மாமனார் இல்லத்திலேயே இருவரும் குடியேறினர். அந்த வீட்டில்தான் 1927இல் மகள் கிறிஸ்டீன், 1929இல் மூத்த மகன், 1930இல் இளைய மகன் ஆல்ஃபிரட் டேனியல் ஆகிய மூவரும் பிறந்தனர். மாமனார் 1931இல் காலமானதும் ஆலயப் பொறுப்பு மருமகனுக்கு வந்தது.

அது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். மக்கள் கையில் காசில்லை; ஆலயமோ கடனில் இருந்தது. புதிய போதகர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, யார் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியாதிருந்த வழக்கத்தை மாற்றிக் காணிக்கைக் கணக்கைத் திறந்த ஏட்டில் எழுதி வைத்தது. நம் பங்குகளில் திருவிழா வரிக் கணக்கை வாசிக்கும்போது எழும் முணுமுணுப்பை அறிந்தவர்கள் இதைப் படித்துப் புன்னகைக்கலாம். ஆனால் பலன் கிடைத்தது. மக்கள் சேர்ந்தனர், கடன் தீர்ந்தது. ஆல்பர்ட்டா அம்மையார் ஆர்கனில் அமர்ந்து பாடகர் குழுவை நடத்தினார்.

1934இல் அவர் ஐரோப்பாவும் திருநாடும் சென்றார். பெர்லினில் கூடிய உலக பாப்டிஸ்ட் மாநாட்டில் கலந்துகொண்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டே கடந்திருந்த நேரம் அது. அந்த மண்ணிலேயே, யூதருக்கும் நிறத்தாருக்கும் எதிரான பகைமையை அந்த மாநாடு கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது குறிப்பிடத்தக்கது. ஊர் திரும்பிய பின் தம் பெயரையும் மூத்த மகன் பெயரையும் மைக்கேல் என்பதிலிருந்து மார்ட்டின் லூத்தர் என்று மாற்றிக்கொண்டார். லூத்தர் என்ற பெயரைக் கேட்டாலே சிலுவை அடையாளம் வரைந்துகொண்ட பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தனர்! 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுவீடன் நாட்டு லுண்ட் பேராலயத்திலே லூத்தரன் சபையாரோடு நின்று செபித்ததைக் காண அவர்கள் இல்லாமற் போயினர்.

தந்தை என்ற முறையில் அவர் கண்டிப்பானவர். கண்டிப்பு என்பதும் மென்மையான சொல். பிரம்பும் வாரும் அந்த வீட்டில் ஓய்ந்திருக்கவில்லை. மூத்தவன் அடி வாங்கும்போது கண்ணீர் வடியும். ஆனால் வாய் திறந்து அழமாட்டான். அதைக் காணப் பொறாமல் பாட்டி அடுத்த அறைக்குச் சென்று அழுவாள். அக்கால வழக்கம் அது என்று சொல்லிக் கடந்துவிடலாம்; எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. எனினும் அப்பிள்ளைகள் தந்தையிடம் அடியை மட்டும் வாங்கவில்லை. செருப்புக் கடை ஒன்றில் முன் இருக்கையில் அமர்ந்தபோது, பின்னால் போய் உட்கார்ந்தால்தான் கொடுப்போம் என்றான் கடை ஊழியன். இங்கேயே வாங்குவோம், இல்லையேல் வாங்கவே மாட்டோம் என்று மகனின் கையைப் பற்றிக்கொண்டு தந்தை வெளியேறினார். காரை நிறுத்திய காவலர் அவரைப் 'பையா' என்று விளித்தபோது, பக்கத்திலிருந்த மகனைச் சுட்டி, பையன் இவன், நான் வளர்ந்த மனிதன் என்று திருத்தினார். 1930களிலேயே அட்லாண்டாக் கறுப்பின மக்களைத் திரட்டி வாக்குரிமைக்காக நகர மன்றத்துக்கு ஊர்வலம் நடத்தினார். கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளையருக்குச் சமமான ஊதியம் வேண்டுமென்று போராடினார். மகனுடைய போராட்டம் எங்கே தொடங்கியது என்று தேடுவோர் மாண்ட்கோமரிப் பேருந்துக்கு முன்பே இந்தச் செருப்புக் கடையைப் பார்த்தல் நலம்.

எபனேசர் பிரசங்கப் பீடத்திலிருந்து நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல் ஒலித்ததுண்டு. 1959இல் மகன் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்குச் சென்றார். அமெரிக்காவைச் சேர்ந்த தீண்டத்தகாதவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவனே, என் நாட்டுக் கறுப்பர் அனைவரும் அப்படியே என்று ஒப்புக்கொண்டார். இதை 1965 ஜூலை 4ஆம் நாள் தந்தையின் ஆலயத்திலே அவர் மக்களுக்கு எடுத்துரைத்தார். ஒரே ஊரில், ஒரே விசுவாசத்தாருக்கு, சாதிவாரியாய் இரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர் சிலருக்கு இச்செய்தி எப்படிக் கேட்கும் என்று நான் அறியேன்.

1956இல் தந்தைக்கும் மகனுக்கும் நடந்த ஒரு வாதத்தைக் குடும்பத் தலைவர்கள் அனைவரும் அறிய வேண்டும். மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 30ஆம் நாள் மகனின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. மருமகளும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். அடுத்த மாதம் மகன் உள்ளிட்ட தலைவர்கள்மீது கைது ஆணை பிறந்தது. இனி அங்கே போகாதே என்றார் தந்தை. தாம் சொன்னால் மகன் கேளான் என்று எண்ணியோ என்னவோ, நகரின் பெரியவர்களை வீட்டுக்கு வரவழைத்தார். மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ் அவர்களும் வந்தார். மகன் எழுந்து, என் தோழர்கள் சிறை செல்லும்போது நான் இங்கே ஒளிந்திருக்க இயலாது என்றார். மேஸ் அவர்கள் மகனின் பக்கமே நின்றார். தந்தை உடைந்து அழுதார். பிறகு வாதம் செய்யவில்லை. மறுநாள் காலை மகனோடு தாமும் மாண்ட்கோமரிக்குப் புறப்பட்டு, அவர் காவலரிடம் தம்மை ஒப்படைக்கும்போது உடனிருந்தார். பிள்ளையை வளர்ப்பது ஒன்று. வளர்ந்த பிள்ளையை விட்டுக்கொடுப்பது வேறொன்று. பின்னது பிரம்பினால் ஆவதன்று.

இனி நம் கதைக்கு வருவோம். 1960ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஜான் கென்னடியும் ரிச்சர்டு நிக்ஸனும் போட்டியிட்டனர். அதுவரை கத்தோலிக்கர் எவரும் அந்நாட்டு அதிபராய் இருந்ததில்லை. கத்தோலிக்கர் ஒருவர் வெள்ளை மாளிகை புகுந்தால் உரோமையின் கட்டளையே அங்கு நடக்கும் என்று புரோட்டஸ்டாண்ட் போதகர் பலர் அஞ்சினர். நம் கிங் அப்பாவும் அவர்களுள் ஒருவர். கென்னடியின் மதத்தைக் காரணமாய்க் காட்டியே நிக்ஸனுக்கு ஆதரவளித்திருந்தார்.

அந்த அக்டோபரில், அட்லாண்டாவின் பெரிய அங்காடி ஒன்றின் சிற்றுண்டிச் சாலையில் மாணவரோடு அமர்ந்து மறியல் செய்த மகன் கைதானார். மற்றவர் விடுதலையாக, வாகன உரிமம் பற்றிய பழைய சிறு குற்றம் ஒன்றைச் சாக்காய்க் கொண்டு நீதிபதி அவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் விதித்தார். இரவோடிரவாக விலங்கிட்டுத் தொலைவிலுள்ள ரீட்ஸ்வில் சிறைக்குக் கொண்டுபோயினர். மருமகள் கொரெட்டா அப்போது கருவுற்றிருந்தார். கணவன் உயிரோடு திரும்புவாரோ என்று அவர் கலங்கிய நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் கென்னடி. ஆறுதலாய்ச் சில வார்த்தைகள், அவ்வளவே. அவருடைய தம்பி ராபர்ட் நீதிபதியோடு தொடர்பு கொண்டார். மறுநாள், அக்டோபர் 27இல், மகன் பிணையில் வீடு வந்தார்.

அன்று மாலை எபனேசரில் கூடிய மக்கள் முன் பெரியவர் எழுந்து நின்றார். மதத்தின் பொருட்டுக் கென்னடியை எதிர்க்க எண்ணியிருந்ததை ஒளிக்காமல் சொன்னார். என் மருமகளின் கண்ணீரைத் துடைக்க முன்வந்த மனிதர் கத்தோலிக்கராயினும் யாராயினும் என் வாக்கு அவருக்கே என்று அறிவித்தார். கென்னடி இதைக் கேள்விப்பட்டு, மார்ட்டின் லூத்தர் கிங்குக்கா இப்படி ஒரு குறுகிய மனத் தந்தை என்று வியந்து, நமக்கெல்லாம் தந்தையர் உண்டல்லவா என்று சிரித்தாராம். சுமார் 1,13,000 வாக்குகளே வெற்றியை நிர்ணயித்த தேர்தல் அது. அந்தத் தொலைபேசி அழைப்பில் அரசியல் கணக்கும் கலந்திருந்தது என்பதை வரலாற்றாசிரியர் மறைப்பதில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் நான் கவனிப்பது ஒன்று. கத்தோலிக்க மறையைப் பற்றிய எந்த நூலும், எந்தத் தர்க்கமும் அம்முதியவரின் மனத்தை மாற்றவில்லை. அழுதுகொண்டிருந்த பெண் ஒருத்தியை விசாரித்த சிறு செயல் மாற்றியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964 செப்டம்பரில், திருத்தந்தை ஆறாம் பவுல் அவருடைய மகனை வத்திக்கானில் வரவேற்றார்.

அதன் பிறகு வந்தவை துக்க ஆண்டுகள். 1968 ஏப்ரலில் மூத்த மகன். அண்ணன் போன பின் தந்தைக்குத் துணையாய் எபனேசர் பணிக்கு வந்த இளைய மகன் ஆல்ஃபிரட் டேனியல், 1969 ஜூலை 21இல் தம் இல்லத்து நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். நிலவில் மனிதன் கால் வைத்த செய்தியில் உலகமே மூழ்கியிருந்த நாள் அது. ஓர் இல்லத்தில் அன்று நிலவும் இல்லை.

1974 ஜூன் 30, ஞாயிறு. எபனேசரில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. ஆல்பர்ட்டா அம்மையார், வயது எழுபது, வழக்கம்போல் ஆர்கன் முன் அமர்ந்து ஆண்டவர் கற்பித்த செபத்தை வாசித்துக்கொண்டிருந்தார். 23 வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன் எழுந்து துப்பாக்கியால் சுட்டான். அம்மையாரும் ஆலயத்தின் மூப்பர் ஒருவரும் மாண்டனர். தான் குறிவைத்து வந்தது போதகரையே என்றும், அம்மையார் அருகில் இருந்ததால் அவரைச் சுட்டதாகவும் அவன் கூறினான். நாம் நாள்தோறும் பலமுறை சொல்லும் அந்தச் செபத்தின் நடுவில், நம் குற்றத்துக்கு மன்னிப்பையும் பிறர் குற்றத்துக்கு நம் மன்னிப்பையும் ஒரே மூச்சில் இணைக்கும் இடம் ஒன்றிருக்கிறது. இசை எந்த இடத்தில் நின்றதோ, அதை நாம் அறியோம். மிச்சத்தைக் கணவர் வாழ்ந்து முடித்தார்.

கொலைஞனுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கிங் குடும்பத்தார் அதை விரும்பவில்லை. மரண தண்டனையே தகாது என்பது அவர்களின் நிலை. பின்னாளில் அது ஆயுள் தண்டனையாய்க் குறைந்தது. தம் நூலில் பெரியவர் இதுபற்றிக் கூறும் பொருள் இது: நான் வெறுக்க வேண்டியவர் என்று உலகம் எதிர்பார்ப்பவர் இருவர், ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பர், இருவரையும் நான் வெறுக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. வெள்ளையர் என்றது மூத்த மகனைக் கொன்றவனை. வெள்ளை முகம் எதையும் வெறுப்பேன் என்று ஒருநாள் தீர்மானித்த சிறுவனின் வாயிலிருந்து இச்சொல் வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மன்னிப்பை எளிய புண்ணியம்போல் நாம் பிரசங்கிப்பதுண்டு. வரப்புத் தகராற்றுக்காக இருபது ஆண்டுகள் பேசாதிருக்கும் அண்ணன் தம்பியை ஒரே பாஸ்காக் காலத்தில் இணைத்துவிட எண்ணி நாம் அவசரப்படுவதும் உண்டு. இவருடைய வரலாற்றை அறிந்த பின் எனக்கு அந்த அவசரம் குறைந்திருக்கிறது.

அவர் 1975இல் பணி ஓய்வு பெற்றார், வீட்டுக்குள் ஒடுங்கவில்லை. 1976இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜிம்மி கார்ட்டர், குடியிருப்புகளின் இனத் தூய்மை பற்றி வாய் தவறிப் பேசிக் கறுப்பின மக்களின் சினத்துக்கு ஆளானபோது, அட்லாண்டாவில் பெருங்கூட்டத்தின் முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிக்கும் இதயம் எனக்குண்டு என்றவர் இவரே. அவ்வாண்டு நியூயார்க்கில் நடந்த கட்சி மாநாட்டின் முடிவிலும் இவரே செபித்தார். அதே ஆண்டில் இளைய மகனின் மகள் ஒருத்தி இளம் வயதிலே திடீரென மரித்தாள். முதியவர் அவளையும் அடக்கம் செய்தார்.

மகனின் பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டம் 1983 நவம்பரில் கையெழுத்தானது. முதன்முதலாய் அந்நாள் கொண்டாடப்பட்டது 1986 ஜனவரியில். அதைக் காண அவர் இல்லை. 1984 நவம்பர் 11ஆம் நாள், ஒரு ஞாயிறன்று, தம் 86ஆம் வயதில் இதய நோயால் அட்லாண்டாவிலேயே காலமானார். மூன்று பிள்ளைகளுள் அன்று எஞ்சியிருந்தவர் மகள் கிறிஸ்டீன் ஒருவரே. அவரும் 2023இல் இறைவனடி சேர்ந்தார்.

சவுத் வியூ என்னும் கல்லறைத் தோட்டத்தில் ஆல்பர்ட்டா அம்மையாரின் அருகே அவரை அடக்கம் செய்தனர். வெள்ளையரின் கல்லறைகளில் தம் இறந்தோருக்கு மரியாதையான இடம் கிடைக்காத காலத்தில், 1886இல், அட்லாண்டாக் கறுப்பின மக்கள் தாங்களே நிலம் வாங்கி அமைத்த தோட்டம் அது.